தோள்சீலையை உருவிய பாடப்புத்தகம்

பள்ளிக்கூடங்களில் இப்போது புதுச் சரக்கு ஒன்று இறங்கியிருக்கிறது. ஊடகங்களை விமர்சனத்தோடு பார்ப்பது எப்படி, பாலின சமத்துவம், கலைவழிக் கல்வி என்று அதற்குப் பல பெயர்கள். புரொஜக்டரில் ஒரு சோப்பு விளம்பரத்தைப் போட்டுக் காட்டுகிறார்கள். 'இதுல அம்மா ஏன் துணி துவைக்கிறாங்க, அப்பா ஏன் கார் ஓட்டுறாங்க?' என்று பிள்ளைகளைக் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். நமக்கு அதில் மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் கேள்வி பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடுகிறதே, அதுதான் சங்கடம். விளம்பரத்து அம்மா துவைக்கிறாள், சரி. காலையில் சேரியிலிருந்து நடந்து வந்து அந்த அம்மா வீட்டுக் கழிவறையைக் கழுவிவிட்டுப் போகிறாளே, அவள் எந்த விளம்பரத்தில் வருகிறாள்? அவளுக்கு 'பெண்ணின் பாத்திரம்' என்று இவர்கள் எதைச் சொல்லிக்கொடுப்பார்கள்?

ஆண், பெண் என்று இரண்டே கட்டம் போட்டு உலகத்தை விளக்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள். இந்த நாட்டில் பெண்ணின் உடம்பில் என்ன துணி இருக்க வேண்டும், எவ்வளவு துணி இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது சாதி. இதைச் சொல்லாத பாலினப் பாடம் பாதிப் பாடம்கூட இல்லை. அது மேல்சாதி வீட்டுக் கணவன் மனைவிக்குள் நடக்கிற பஞ்சாயத்து.

*

ஆதாரம் கேட்பவர்களுக்கு ஒரு பாடப்புத்தகத்தின் கதையைச் சொல்கிறேன்.

என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் உடையின் சமூக வரலாறு பற்றி ஒரு பாடம் இருந்தது. உண்மையிலேயே நல்ல பாடம். புரட்சிக்கு முந்தைய பிரான்சில் யார் எந்தத் துணி உடுத்தலாம் என்று சட்டம் போட்டு வைத்திருந்ததைச் சொன்னது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் சிறு பெண்களின் இடுப்பைக் கச்சையால் இறுக்கி வளர்த்த கொடுமையையும், அதை எதிர்த்து அங்கே பெண்கள் கிளம்பியதையும் சொன்னது. காந்தி ஏன் அரை வேட்டிக்கு வந்தார் என்று சொன்னது. அதே வரிசையில் திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டத்தையும் சொன்னது. பல நாடு, பல பண்பாடு, துணி, பெண், அதிகாரம் எல்லாவற்றையும் ஒரே பாடத்தில் ஒரு பதினாலு வயசுப் பிள்ளை படிக்க முடிந்தது.

தோள்சீலைப் போராட்டம் என்னவென்று நம் மாணவத் தோழர்களுக்கே இன்று ஒருமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. தெற்குத் திருவிதாங்கூரில், அதாவது 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த இன்றைய குமரி மாவட்டத்தில், சாணார் என்று அன்று அழைக்கப்பட்ட நாடார் பெண்கள் மேல்சாதியார் முன்னால் மார்பை மறைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. தங்கம் அணியக் கூடாது. கிறித்தவத்துக்குப் போன பெண்கள் குப்பாயம் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். சந்தையில், தெருவில் வைத்து அதைக் கிழித்தார்கள். 1820களில் தொடங்கி 1850களின் முடிவு வரை அடி, தீவைப்பு, மறுபடி அடி. 1859இல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தது. எப்படி இறங்கி வந்தது என்று பாருங்கள். நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று அறிவித்தது.

அந்த 'ஆனால்' இருக்கிறதே, நம் பெண்களின் வரலாறு முழுவதும் அதற்குள்தான் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. மானம் மறைக்கத் துணி உண்டு. ஆனால் அவள் மாதிரி நீ தெரியக் கூடாது. பார்த்தவுடனே இவள் யார் என்று அடையாளம் தெரிய வேண்டும். துணி என்பது குளிருக்கோ வெயிலுக்கோ அல்ல, அது ஒரு பெயர்ப்பலகை.

இந்தப் பாடத்துக்கு என்ன ஆனது? நாடார் சமூகத்தைத் தவறாகச் சித்திரிக்கிறது என்று 2012இல் தமிழ்நாட்டில் கட்சிகள் எதிர்ப்புக் கிளப்பின. வாசகத்தில் தவறு இருந்தால் திருத்தலாம். வரலாற்றாசிரியர்களை உட்கார வைத்து ஒரு வாரத்தில் திருத்தியிருக்கலாம். அதைச் செய்யவில்லை. 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. ஒரு சுற்றறிக்கை விட்டது. சாதி மோதலும் உடை மாற்றமும் என்ற அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள், அடுத்த ஆண்டுத் தேர்விலிருந்து அதில் கேள்வி வராது என்றது. கவனியுங்கள் தோழர்களே. பிரான்சின் சட்டம் இருந்தது. இங்கிலாந்தின் கச்சை இருந்தது. நம் ஊர்ப் பெண் மட்டும் பாடத்திலிருந்து வெளியேற்றப்பட்டாள். பிறகு 2019இல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி அந்தப் பாடத்தையே புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

வெள்ளைக்காரன் ஊரில் பெண்ணின் இடுப்பை இறுக்கிய கதை பிள்ளைகள் மனதைக் கெடுக்காது. நம் ஊரில் பெண்ணின் தோளிலிருந்து துணியைக் கிழித்த கதை கெடுத்துவிடும். இதுதான் இவர்கள் நடத்துகிற 'பல பண்பாட்டுக் கல்வி'யின் லட்சணம்.

*

இப்போது அதே திருவிதாங்கூருக்குத் திரும்பவும் போவோம். 1848இல் கிளிமானூரில் ரவி வர்மா பிறந்தார். 1859 அறிவிப்பு வந்தபோது அவருக்கு வயது பதினொன்று. வளர்ந்து பெரிய ஓவியர் ஆனார். 1893இல் சிகாகோ கண்காட்சிக்கு அவர் படங்கள் போய்ப் பரிசு வாங்கி வந்தன. 1894இல் பம்பாயில் சொந்தமாக அச்சுக்கூடம் வைத்து லட்சுமியையும் சரஸ்வதியையும் வண்ணத்தில் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தார். சிவப்புத் தோல், பட்டுச் சேலை, தோள் மூடிய முந்தானை, நகை. அன்றிலிருந்து இந்தியாவில் 'பெண்' என்றால் அந்தப் படம்தான். காலண்டர்காரன் அவரிடமிருந்து எடுத்தான். சினிமாக்காரன் காலண்டரிலிருந்து எடுத்தான். ஜவுளிக்கடை விளம்பரம் சினிமாவிலிருந்து எடுத்தது. தொலைக்காட்சித் தொடர் எல்லாவற்றிலிருந்தும் எடுத்தது.

அந்த மண்ணில் எந்தத் தோளில் சீலை இருக்கக் கூடாது என்று அடித்தார்களோ, அந்தத் தோளை அந்தப் படத்தில் தேடிப் பாருங்கள். கிடைக்காது. ஓவிய வகுப்பில் ரவி வர்மாவின் வண்ணக் கலவையைப் புகழ்கிறார்கள். புகழட்டும். அந்த முந்தானைக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அது எல்லாப் பெண்ணுக்கும் கிடைத்த முந்தானை அல்ல என்று ஒரு வரி சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நான் வேலை பார்க்கும் இடத்தில் ஆண்டுதோறும் சுவரில் ஒரு லட்சுமி மாறுகிறாள். கவுண்டருக்கு வெளியே நகைக்கடனுக்கும் நூறு நாள் வேலைக் கூலிக்கும் வரிசையில் நிற்கிற லட்சுமிகள் மாறுவதில்லை. கறுத்த லட்சுமி, கைநாட்டு லட்சுமி, தோடு கழற்றிக் கொடுத்துவிட்டு ஈர்க்குச்சி செருகிய காதோடு திரும்பிப் போகிற லட்சுமி. இவர்கள் ஒருத்தியாவது சுவரில் ஏற முடியுமா?

பிள்ளைகளின் வண்ணப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வெளிறிய இளஞ்சிவப்பில் ஒரு குச்சி இருக்கும். அதற்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் 'ஸ்கின் கலர்'. 'டேய், அந்த ஸ்கின் கலரைக் குடுடா' என்று கேட்டு வாங்கித் தன் அம்மாவுக்குப் பூசுகிறது ஒரு பிள்ளை. நிலக்கரிப் பூமியில், வெயிலில் வெந்து கறுத்த அம்மாவுக்கு! அமெரிக்காவில் கிரயோலா நிறுவனம் 'தசை நிறம்' என்ற பெயரை 1962இலேயே மாற்றிப் 'பீச்' என்று வைத்துவிட்டது. அங்கே கறுப்பின மக்கள் உரிமைக்குத் தெருவில் நின்ற காலம் அது. இங்கே 1975இல் ஒரு கம்பெனி 'ஃபேர் அண்ட் லவ்லி' என்று களிம்பு கொண்டுவந்து, கறுப்பாக இருந்தால் வேலையும் கிடைக்காது மாப்பிள்ளையும் கிடைக்காது என்று நாற்பது வருசத்துக்கு மேல் நம் பெண்களுக்குப் பாடம் நடத்தியது. 2020இல் 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று போட்டுக்கொண்டது. அதற்கும் அமெரிக்காவில் ஒரு கறுப்பர் போலீஸ்காரன் முழங்காலுக்குக் கீழே செத்து, உலகமே கொதிக்க வேண்டியிருந்தது. பெயர் மாறியது. டியூப் அதேதான்.

*

கலை பற்றி இவர்கள் சொல்லிக்கொடுப்பதில் இன்னொரு தந்திரம் உண்டு. கலையை வைத்துக்கொள்வது, கலைக்குரியவரைக் கழற்றிவிடுவது.

சதிர் ஆடியவர்கள் தேவதாசிகள். 1930களில் அது பரதநாட்டியம் என்று பெயர் மாறி மேல்சாதி மேடைக்கு ஏறியது. 1935இல் ருக்மிணி தேவி ஆடினார், 1936இல் கலாக்ஷேத்திரா வந்தது. 1947இல் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. சட்டம் வேண்டியதுதான். அந்த முறைக்குள்ளேயே பிறந்து அடிபட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அதற்காக ஊர் ஊராகப் பேசினார். நம் கேள்வி வேறு. ஆட்டம் மட்டும் 'தெய்வீகம்' ஆனது, ஆடிய பெண் மட்டும் ஏன் 'அசிங்கம்' ஆனாள்? பள்ளி ஆண்டுவிழாவில் சலங்கை கட்டுகிற பெண்பிள்ளைக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறார்களா?

சினிமாவுக்கு வாருங்கள். மலையாளத்தின் முதல் கதைப்படம் 'விகதகுமாரன்'. 1920களின் கடைசியில் எடுத்தது. எடுத்தவர் ஜே.சி. டேனியல், அகஸ்தீஸ்வரத்துக்காரர், தோள்சீலைக்குப் போராடிய அதே நாடார் சமூகத்தில் பிறந்தவர். அதில் கதாநாயகி பி.கே. ரோசி. புலையர் சமூகத்துப் பெண். அவர் போட்ட வேடம் ஒரு நாயர் பெண். திருவனந்தபுரத்தில் படம் திரையிட்டபோது மேல்சாதியார் கொட்டகையில் கல்லெறிந்தார்கள். ரோசியைத் துரத்தினார்கள். அவர் தமிழ்நாட்டுக்குத் தப்பி வந்து வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. இன்று கேரள அரசு டேனியல் பெயரில் விருது கொடுக்கிறது. ரோசிக்கு மிச்சம் அந்தக் கல்லெறிதான்.

1859 அறிவிப்பின் 'ஆனால்' எழுபது வருசம் கழித்து சினிமாக் கொட்டகைக்குள் எப்படி வந்து நின்றது பார்த்தீர்களா? மேல்சாதிப் பெண் மாதிரி உடுத்தக் கூடாது என்றது அறிவிப்பு. மேல்சாதிப் பெண் மாதிரி வெள்ளைத் துணியில் அசையும் படத்தில்கூட உடுத்தக் கூடாது என்றது கல்.

இங்கே நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது சிதம்பரம். நெய்வேலிப் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா என்று அங்கே கூட்டிப் போகிறார்கள். கோபுரத்தில் செதுக்கிய நாட்டியக் கரணங்களைக் காட்டுகிறார்கள். நந்தனைச் சொல்கிறார்களா? சொன்னால் பக்தியை மட்டும் சொல்கிறார்கள். சேக்கிழார் எழுதியபடியே எடுத்துக்கொண்டாலும் நந்தன் யார்? கோயில் பேரிகைக்குத் தோல் கொடுத்தவன். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தவன். உள்ளே இசை முழங்கியது அவன் கையால் பதப்படுத்திய தோலில். அவன் நின்றது வெளியே. தோலுக்கு இல்லாத தீட்டு தோலைக் கொடுத்தவனுக்கு. உள்ளே போக அவன் நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. 1948இல் தீண்டப்படாதார் யார் என்று ஆராய்ந்து புத்தகம் எழுதிய அம்பேத்கர், அதை நந்தன், ரவிதாஸ், சோகாமேளா மூவரின் நினைவுக்குப் படைத்தார். மராட்டியத்திலிருந்தவருக்கு நந்தன் தெரிந்தான். நம் ஊர் சுற்றுலா வழிகாட்டிக்குத் தெரியவில்லை.

நந்தன் கதையைச் சினிமாவாகவும் எடுத்தார்கள். 1935இல் நந்தனாக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். ஒரு பெண் ஆண் வேடத்தில். அதற்கு அந்தக் காலத்தில் ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். 1942இல் தண்டபாணி தேசிகர். ஆண் வேடத்தைப் பெண் போடலாம், பாட்டு நன்றாக இருந்தால் யாரும் போடலாம். அந்த வேடம் நந்தனின் தெருவுக்கு மட்டும் வரவில்லை. பாலின எல்லையைத் தாண்டுவது அப்போதே முடிந்தது. சாதி எல்லைதான் முடியவில்லை.

*

வேடம் என்றதும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆண், பெண் என்பதே பெரிய அளவில் வேடம்தான். ஜப்பானில் கபுகியை 1603 வாக்கில் தொடங்கி வைத்தது ஒகுனி என்ற பெண். 1629இல் பெண்கள் மேடையேற அரசு தடை போட்டது. அதற்குப் பிறகு பெண் வேடத்தை ஆண்களே போட்டு, பெண் எப்படி நடப்பாள், எப்படிக் குனிவாள் என்று இலக்கணமே எழுதிவிட்டார்கள். இங்கிலாந்தில் 1660 வரை நாடகத்தில் பெண் வேடம் பையன்களுக்குத்தான். நம் தென்னார்க்காட்டுக் கூத்தில் இன்றும் பல ஜமாக்களில் பாஞ்சாலி ஓர் ஆண்தான். விடிய விடிய துகிலுரிய நின்று அழுதுவிட்டு, அரிதாரத்தைக் கழுவிக்கொண்டு அவர் கழனிக்குப் போகிறார்.

இதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஒரு பிள்ளைக்குத் தானாகப் புரியும். 'பொம்பளைன்னா இப்படித்தான்' என்று வீட்டில் சொல்வது இயற்கை அல்ல. யாரோ எழுதிக் கொடுத்த வசனம். எழுதியவனுக்கு அதில் லாபம் இருக்கிறது.

நம் ஊரிலேயே ஒரு சோதனை வைக்கலாம். சுரங்கத் தொழிலாளியை வரைந்து காட்டு என்று சொல்லுங்கள். பெரும்பாலும் தொப்பி போட்ட ஓர் ஆண்தான் வரும். பின்னால் பக்கெட் வீல் எந்திரம் வரும். பெண் வரமாட்டாள். காரணம் பிள்ளையின் மனதில் மட்டும் இல்லை, சட்டத்திலும் இருந்தது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்ணை நிலத்தடிக்கு இறக்கக் கூடாது என்றது. மேலே திறந்தவெளியிலும் இரவில் வேலை கொடுக்கக் கூடாது என்றது. 2019இல்தான் மத்திய அரசு நிபந்தனைகளோடு அதைத் தளர்த்தியது. பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். விடியற்காலை இருட்டில் துடைப்பத்தோடு தெருவுக்கு வருகிற பெண்ணின் பாதுகாப்பைப் பற்றி எந்தச் சட்டம் கவலைப்பட்டது? சம்பளம் உள்ள வேலைக்குப் போனால் அவள் பெண். கூட்டிப் பெருக்க வந்தால் அவள் சாதி.

*

படத்தைப் பார்ப்பது பற்றிப் பேசும்போது 2012ஐ மறக்க முடியாது. சங்கர் 1949இல் வரைந்த கேலிச்சித்திரத்தைப் பதினொன்றாம் வகுப்பு அரசியல் புத்தகத்தில் போட்டிருந்தார்கள். அரசியல் சட்டம் என்ற நத்தையின் மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையோடு நிற்கிறார். சுற்றிக் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. தொல். திருமாவளவன் நாடாளுமன்றத்தில் எழுப்பினார், அமளி ஆனது, படம் நீக்கப்பட்டது. 'சாட்டை நத்தைக்குத்தான், அம்பேத்கருக்கு இல்லை. கேலிச்சித்திரத்தைப் படிக்கத் தெரியாதவர்கள்' என்று நமக்கு வகுப்பெடுத்தார்கள் அறிவுஜீவிகள்.

படிக்கத் தெரிந்ததால்தான் எதிர்த்தோம். நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் நம் பிள்ளைகள் நாலு பேர். கோட்டு போட்டவர் முதுகுக்குப் பின்னால் சாட்டை ஓங்கியதைப் பார்த்து முப்பத்தாறு பேர் சிரிக்கும்போது அந்த நாலு பேர் கண்ணை எங்கே வைத்துக்கொள்வார்கள்? படத்தின் பொருள் தாளில் மட்டும் இல்லை. பார்க்கிறவன் யார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் யார் என்பதிலும் இருக்கிறது. ஊடகக் கல்வியின் முதல் பாடமே இதுதான்.

ஆனால் தோழர்களே, எதிர்த்ததோடு நம் வேலை முடிந்துவிட்டதா? நீக்கு என்பது அதிகாரத்துக்கு ரொம்பப் பிடித்த சொல். நாம் சொன்னாலும் நீக்கும், நமக்கு எதிராகவும் நீக்கும். அதே 2012இல் கிளம்பிய தோள்சீலைப் பிரச்சினை கடைசியில் எங்கே போய் முடிந்தது என்று மேலே பார்த்தோம். நமக்கு வேண்டியது படங்கள் இல்லாத புத்தகம் அல்ல. அந்தப் படங்களை நம் பிள்ளைகள் கண்ணிலிருந்து பார்க்கக் கற்றுத்தருகிற ஆள். அந்த ஆள் எங்கே? 2019இல் நியூஸ்லாண்டரியும் ஆக்ஸ்ஃபாமும் ஊடகங்களின் தலைமைப் பொறுப்புகளை எண்ணிப் பார்த்தன. 121 இடங்களில் 106 மேல்சாதியார். தலித்தும் பழங்குடியும் ஒருவர்கூட இல்லை. பூஜ்யம். செய்தியைத் தேர்ந்தெடுப்பவன், படத்தைத் தேர்ந்தெடுப்பவன், தலைப்புப் போடுகிறவன் எல்லாம் ஒரே தெருவிலிருந்து வந்தால் 'ஊடகத்தை விமர்சனத்தோடு பார்' என்பதற்கு முதல் பொருள் அந்தத் தெருவைப் பார் என்பதுதான்.

*

கடைசியாக நம் வீட்டுக்குள். இதைச் சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

வேலை செய்யாத அதிகாரிக்கு 'வளையல் அனுப்பும் போராட்டம்' நடத்துகிறோமே, அது என்ன சேதி? வளையல் போட்டவள் கோழை என்பதுதானே? வளையல் போட்ட கை நடவு நட்டது, செங்கல் சுமந்தது, ஊர்க்கலவரத்தில் அரிவாளுக்கு முன்னால் நின்றது. மேடையில் 'ஆம்பளையா இருந்தா வாடா' என்கிறோம். சுவரொட்டியில் மீசை முறுக்குகிறோம். 1992இல் வந்த ஆண்ட சாதிப் பெருமைப் படங்களைக் கிழிகிழியென்று கிழித்து விமர்சனம் எழுதிவிட்டு, நம் சுவரொட்டியில் அதே மீசை, அதே சிங்கம். எதிரியின் வேடத்தை நாம் வாங்கிப் போட்டுக்கொண்டால் நாடகம் மாறாது, நடிகன்தான் மாறுவான்.

பறை நம் விடுதலைக் கருவி என்கிறோம். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் இளம்பெண்கள் பறை அடித்து ஆடி இத்தனை வருசம் ஆகிவிட்டது. நம் கிளைகளில் எத்தனை பெண்கள் கையில் பறை இருக்கிறது? பாமா 'சங்கதி'யை 1994இல் எழுதினார். வயலில் மேல்சாதிக்காரன், வீட்டில் நம் ஆள் என்று இரண்டு பக்கமும் அடி வாங்கும் பெண்களின் கதை. நம் படிப்பு வட்டத்தில் அதை எத்தனை ஆண்கள் முழுசாகப் படித்தார்கள்?

அம்பேத்கர் 1927 டிசம்பரில் மகாடில் பெண்களைத் தனியாகக் கூட்டிப் பேசினார். தீண்டப்படாதவள் என்று அடையாளம் காட்டுகிற சேலைக்கட்டையும் நகைகளையும் விட்டுவிடுங்கள் என்றார். பெண்கள் உடனே கட்டு மாற்றிக் கட்டினார்கள். அரசியல் தீர்மானத்துக்கு அடுத்தபடி அவர் பேசியது சேலை மடிப்பைப் பற்றி. துணியில் அரசியல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நாம்தான் 'அது பொம்பளைங்க சமாச்சாரம்' என்று தள்ளி வைத்துவிட்டோம்.

*

ஆக, என்ன செய்வது?

மாலைப் பள்ளி நடத்துகிற மாணவத் தோழர்கள் வாரம் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்க வேண்டும். பெரிய கருவி வேண்டாம். ஒரு காலண்டர், ஒரு பாடப்புத்தகம், செல்போனில் ஒரு விளம்பரம், தெருவில் ஒட்டிய ஒரு சினிமா போஸ்டர் போதும். எதைக் காட்டினாலும் ஐந்து கேள்வி கேளுங்கள்.

இதில் யார் இருக்கிறார்கள்? யார் இருக்க வேண்டியவர்கள், ஆனால் இல்லை?

இருப்பவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள்? அதை உடுத்த எல்லோருக்கும் எப்போது உரிமை கிடைத்தது?

வேலை செய்வது யார்? உட்கார்ந்திருப்பது யார்?

இதைச் செய்தது யார்? விற்றது யார்? இதன் தோலும் நரம்பும் யாருடையது?

இதைப் பார்த்து யார் சிரிக்கிறார்கள்? யார் தலை குனிகிறார்கள்?

வேற்று மாநில உதாரணமும் கொடுங்கள். கேரளத்தில் 2024இல் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் சமையலறையில் அப்பா தேங்காய் துருவுகிற படம் போட்டார்கள். பிள்ளைகளிடம் அதைக் காட்டுங்கள், பாராட்டுங்கள். கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தச் சமையலறைக்குள் நாம் போகலாமா?

வண்ணப் பெட்டியில் 'ஸ்கின் கலர்' குச்சியை முதல் நாளே வெளியே எடுத்து வையுங்கள். அம்மாவை வரையச் சொல்லுங்கள். கறுப்பும் பழுப்பும் மஞ்சளும் கலந்து, அந்தத் தோலுக்குச் சரியான வண்ணம் வரும்வரை கலக்கட்டும். நேரம் ஆகும். ஆகட்டும்.

ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை எடுத்துவிட்டார்கள். தேர்வில் கேள்வி வராது என்றார்கள். நம் திண்ணையில் வரும். நாம் நடத்துவோம், எல்லா வகுப்புக்கும்.